இதிலும் ஒரு நன்மை உண்டே!

மனிதன் ஒரு தவறைச் செய்யும்போது, அதைத் தவறு என்று சொல்லிக்கொண்டே செய்வது அரிது. முதலில் அதற்கு ஒரு நல்ல பெயரைச் சூட்டுகிறான், பிறகு செய்கிறான். அவ்வாறு சூட்டப்படும் பெயர்களுள் மிகவும் கண்ணியமான தோற்றம் உடையது 'நன்மை' என்பதாகும். "இது சரியில்லைதான், ஆனாலும் இதிலும் ஒரு நன்மை உண்டே!" என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், சபை அடங்கிவிடுகிறது. சொன்னவரின் மனச்சாட்சியும் அடங்கிவிடுகிறது.

இந்த ஒரு வாசகத்தை நாம் ஒரே இரவில் மூன்று முறை கேட்க நேர்ந்தது. நாம் குடியிருக்கும் மஹல்லாவில் இஷாத் தொழுகைக்குப் பின் நடந்த ஜமாஅத் கூட்டத்தில், ஒன்றன்பின் ஒன்றாக மூன்று விவகாரங்கள் வந்தன.

முதலாவது: பள்ளிவாசலை அடுத்த தெருவில் வசிக்கும் ஓர் இந்துப் பெரியவர் முத்தவல்லியைப் பார்த்து ஒரு கோரிக்கை வைத்துவிட்டுப் போயிருந்தார். ரபீயுல் அவ்வல் மாதத்தில் பன்னிரண்டு இரவுகள் பயான் நடந்தது. அதற்காகக் கட்டிய கூம்புக் குழாய்களுள் ஒன்று அவர் வீட்டு ஜன்னலைப் பார்த்து நின்றது. அவருடைய மனைவி நீண்ட நாளாகப் படுக்கையில் இருப்பவர். "பாய், பாங்கைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அதைக் கேட்டுத்தான் நான் எழுந்திருக்கிறேன். ராத்திரி பதினொன்றரை மணி வரை மைக் செட் அலறினால் நோயாளி எப்படித் தூங்குவது?" என்று அவர் கேட்டிருக்கிறார். இதைச் சொன்னதும் சபையில் ஒருவர் எழுந்தார். "அந்தக் குழாய் வழியாகத்தானே தெருவில் உட்கார்ந்திருக்கும் பெண்களும் கடைக்காரர்களும் நாயகத்தின் வரலாற்றைக் கேட்டார்கள்? இதிலும் ஒரு நன்மை உண்டே!" என்றார்.

இரண்டாவது: ஒரு தாய் பள்ளிவாசல் வாசலில் வந்து நின்று அழுதார். வளைகுடா நாட்டில் உழைக்கும் அத்தா, மகளின் நிக்காஹ்வுக்கென்று அனுப்பிய பணத்தை, மகன் கைபேசியில் ரம்மி ஆடித் தொலைத்துவிட்டான். பையனைக் கண்டிக்க வேண்டும் என்று பேச்சு எழுந்தபோது, அவனுடைய உறவினர் ஒருவர் குறுக்கிட்டார். "ஆட்டத்தில் கெலித்த காலத்தில், நோன்புக் கஞ்சிக்கு இரண்டு மூட்டை அரிசி இறக்கியவன் அவன்தானே? அதிலும் ஒரு நன்மை நடந்ததே!" என்றார். அந்த அரிசி எந்தப் பணத்தில் வந்தது என்று அன்று நாம் யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது: அது தேர்தல் காலம். ஒரு வேட்பாளரின் ஆட்கள் வந்து, நம் பள்ளியின் ஹவ்ளுக்கு மேல் நல்ல கூரை போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். வீட்டுக்கு ஓர் உறையும் வருமாம். பதிலுக்கு அவர்கள் கேட்டது சிறிய விஷயம்தான்: ஜும்ஆ முடிந்ததும் ஹஜ்ரத் அவர்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஹவ்ளின் தகரக் கூரை ஓட்டை விழுந்து நாலைந்து ஆண்டுகள் ஆகின்றன. மழையில் ஒளுச் செய்யும் முதியவர்கள் நனைகிறார்கள். பாசியில் வழுக்கி விழுந்தவர்களும் உண்டு. எனவே இந்தப் பேச்சு வந்ததும், பலரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "அல்லாஹ்வின் வீட்டுக்குத்தானே? நன்மைதானே!"

நாம் வீடு திரும்பிய பின்னும் இந்தச் சொல் நம்மை விடவில்லை. ஏனெனில், சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. மூன்றிலும் நன்மை இருக்கத்தான் செய்கிறது. அப்படியானால் மார்க்கம் இந்த நன்மையை எந்தத் தராசில் நிறுக்கிறது?

திருமறையின் தராசு

மதுவையும் சூதையும் பற்றி மக்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டபோது இறங்கிய திருவசனம் அல்பகரா அத்தியாயத்தின் 219-வது வசனமாகும். அதில் நாம் நின்று சிந்திக்க வேண்டிய ஓர் இடம் இருக்கிறது. அவ்விரண்டிலும் மனிதர்களுக்குப் பயன்கள் இருப்பதை அல்லாஹு தஆலா மறுக்கவில்லை. பயன் உண்டு என்பதை ஒப்புக்கொண்டு, அவற்றின் பாவம் அந்தப் பயனைவிடப் பெரியது என்று தீர்ப்பு வழங்குகிறான்.

சூதில் அன்றைய அரபிகளுக்கு என்ன பயன் இருந்தது? தஃப்ஸீர் ஆசிரியர்கள் இதை விளக்கியிருக்கிறார்கள். ஓர் ஒட்டகத்தை வாங்கி அறுத்துப் பங்குகளாகப் பிரிப்பார்கள். பத்து அம்புகளைப் பையிலிட்டு, ஆளுக்கொன்றாக எடுப்பார்கள். ஏழு அம்புகளுக்குப் பங்கு உண்டு. மூன்று வெறும் அம்புகள். வெறும் அம்பு யார் பெயரில் வந்ததோ, அவர்கள் தலையில் ஒட்டகத்தின் விலை விழும். வென்றவர்களோ அந்த இறைச்சியைத் தாங்கள் உண்ணாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். இதில் கலந்துகொள்ளாதவனைக் கஞ்சன் என்று ஊர் ஏசும். பஞ்ச காலத்தில் ஏழைகளின் அடுப்பு எரிய அந்த ஆட்டம் உதவியது என்பது உண்மை.

பாருங்கள்! அறியாமைக் காலத்துச் சூது, தருமத்துக்காகவே ஆடப்பட்ட சூது. வென்றவன் கைக்கு ஒரு துண்டு இறைச்சிகூட வரவில்லை. அதையே மார்க்கம் ஹராம் என்று விலக்கியிருக்கிறதென்றால், 'இதிலும் நன்மை உண்டே' என்ற வாதத்தின் வேரையே அது அறுத்துவிட்டது என்றுதானே பொருள்?

இதிலிருந்து நமக்கு இரண்டு கேள்விகள் கிடைக்கின்றன. ஒரு காரியத்தில் நன்மை இருக்கிறது என்று யாராவது சொன்னால், அந்த நன்மைக்கு விலை கொடுப்பவர் யார் என்று கேட்க வேண்டும். அவர் மனமுவந்து கொடுக்கிறாரா என்று அடுத்ததாகக் கேட்க வேண்டும். ஏழைக்கு இறைச்சி கிடைத்தது. ஆனால் விலை கொடுத்தவன் தருமம் செய்ய விரும்பிக் கொடுக்கவில்லை, தோற்றதால் கொடுத்தான். நம் மஹல்லாவின் மூன்று விவகாரங்களையும் இந்த இரண்டு கேள்விகளிடம் ஒப்படைத்துப் பார்ப்போம்.

ஓதலுக்கும் ஓர் எல்லை

திருக்குர்ஆன் ஓதுவதைவிடச் சிறந்த ஓசை உலகில் ஏது? ஆயினும் அந்த ஓசைக்கும் நம் நாயகம் (ஸல்) அவர்கள் ஓர் எல்லை வைத்தார்கள். அவர்கள் பள்ளியில் இஃதிகாஃப் இருந்த சமயம், தோழர்கள் உரத்த குரலில் ஓதுவதைக் கேட்டுத் திரையை விலக்கினார்கள். நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் இறைவனோடு உரையாடுகிறீர்கள். எனவே ஒருவர் மற்றவருக்குத் தொல்லை தராதீர்கள், ஒருவர் ஓதலுக்கு மேல் மற்றவர் குரலை உயர்த்தாதீர்கள் என்ற கருத்துப்பட அறிவுறுத்தினார்கள். அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது. ஓதுபவரும் முஸ்லிம், கேட்பவரும் முஸ்லிம், இடமோ அல்லாஹ்வின் பள்ளி. அங்கேயே பிறருக்குத் தொல்லை கூடாது என்றால், நோயாளி படுத்திருக்கும் அண்டை வீட்டைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

இன்னொரு நிகழ்ச்சி நம் விவாதத்துக்கு அப்படியே பொருந்துகிறது. ஓர் இரவு நாயகம் (ஸல்) அவர்கள் வெளியே சென்றபோது, அபூபக்ர் (ரலி) அவர்கள் மெல்லிய குரலிலும், உமர் (ரலி) அவர்கள் உரத்த குரலிலும் தொழுகையில் ஓதிக்கொண்டிருந்தார்கள். பின்னர் காரணம் கேட்டபோது, நான் யாரோடு உரையாடினேனோ அவனுக்குக் கேட்டுவிட்டது என்றார்கள் அபூபக்ர் (ரலி). உறங்குபவர்களை எழுப்புகிறேன், ஷைத்தானை விரட்டுகிறேன் என்றார்கள் உமர் (ரலி). உமர் (ரலி) அவர்கள் சொன்னது நல்ல நோக்கமா, இல்லையா? சந்தேகமின்றி நல்ல நோக்கம்தான். ஆனாலும் அவர்களிடம் குரலைச் சற்றுத் தாழ்த்தும்படியும், அபூபக்ர் (ரலி) அவர்களிடம் சற்று உயர்த்தும்படியும் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். நோக்கம் நல்லதாக இருப்பதால் குரலின் அளவு தானாகச் சரியாகிவிடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நாயகம் (ஸல்) அவர்கள் இரவில் வீட்டுக்குள் நுழையும்போது ஸலாம் சொல்லும் முறையை மிக்தாத் (ரலி) அவர்கள் வர்ணிக்கிறார்கள். விழித்திருப்பவருக்குக் கேட்கும், உறங்குபவர் எழுந்துவிட மாட்டார். முஸ்லிம் நூலில் காணப்படும் இந்தச் செய்தியை, நம் மைக் செட் கட்டும் இளைஞர்கள் ஒவ்வொருவருக்கும் மனப்பாடமாகச் சொல்லித்தர வேண்டும்.

நாட்டின் சட்டமும் இதையேதான் கேட்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று அளவு வைத்தன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக மாநில அரசு நள்ளிரவு வரை அனுமதிக்கலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேல் இல்லை. அதே 2000-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியில் ஒரு கிறிஸ்தவ சபையின் ஒலிபெருக்கி பற்றிக் குடியிருப்போர் தொடுத்த வழக்கு அது. பிறர் அமைதியைக் குலைத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம்.

"கோயில் திருவிழாவில் ஒலிக்கவில்லையா? கட்சிக்காரர்களின் வண்டி அலறவில்லையா? நம் பாங்கு மட்டும்தான் இவர்கள் காதில் விழுகிறதா?" என்று சிலர் கேட்கிறார்கள். இந்தக் கோபத்தில் நியாயமில்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஒலிச் சட்டத்தை நம் பாங்கின் மீது மட்டும் பாய்ச்ச விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பெரியவர் அவர்களுள் ஒருவர் அல்லரே! அவர் பாங்கை மதிப்பவர். இரண்டு மூன்று நிமிடப் பாங்குக்கும், இரண்டு மூன்று மணி நேரப் பயானுக்கும் உள்ள வேறுபாட்டை அவர் அறிந்திருக்கிறார், நாம்தான் மறந்துவிட்டோம். பிறர் செய்யும் தவறு நமக்குச் சாட்சியாகலாம், அனுமதியாகாது.

பிலால் (ரலி) அவர்கள் பள்ளிக்கு அருகிலிருந்த ஓர் உயரமான வீட்டின் மீதேறித் தம் குரலால் பாங்கு சொன்னார்கள். ஒலிபெருக்கி நேற்று வந்த சாதனம். அது பாங்குக்குத் துணை செய்கிறது. பாங்கு அதை நம்பி இல்லை. சிங்கப்பூரில் 1970-களில் பள்ளிவாசல்களின் ஒலிபெருக்கிகள் உட்புறமாகத் திருப்பப்பட்டு, பாங்கு வானொலியில் ஒலிக்கத் தொடங்கியது. ஸவூதி அரேபியாவில் 2021 மே மாதம், வெளி ஒலிபெருக்கிகளைப் பாங்குக்கும் இகாமத்துக்கும் மட்டுமே பயன்படுத்த வேண்டும், ஒலி மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று அமைச்சகம் சுற்றறிக்கை விட்டது. அங்கெல்லாம் தொழுகை குறைந்துவிட்டதா?

நம் பயானின் நன்மைக்கு விலை கொடுத்தவர் யார்? படுக்கையில் கிடந்த அந்த அம்மையார். மனமுவந்து கொடுத்தாரா? கேட்கக்கூட இல்லை. இதை எழுதும்போது நமக்கே வெட்கமாக இருக்கிறது. குழாயை எந்தத் திசையில் கட்டுவது என்று முடிவு செய்தவர்களுள் நாமும் ஒருவர்.

அம்பு போய்க் கைபேசி வந்தது

சூதுக்கு நன்மையின் சட்டையை மாட்டிவிடுவது அறியாமைக் காலத்தோடு ஒழியவில்லை. 1968-இல் தமிழக அரசே பரிசுச் சீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்று அதற்கு விளக்கம் சொல்லப்பட்டது. அரபியின் ஒட்டக இறைச்சிக் கணக்கு இங்கே பள்ளிக்கூடக் கணக்காகவும் சாலைக் கணக்காகவும் மாறியது, அவ்வளவுதான். 1975-இல் அது நிறுத்தப்பட்டு, 1984-இல் மீண்டும் வந்து, 2003 ஜனவரியில் எல்லாப் பரிசுச் சீட்டுகளும் தடை செய்யப்பட்டன. அதற்குள், கூலி வாங்கிய கையோடு சீட்டுக் கடைக்குச் சென்ற எத்தனையோ கூலியாட்களின் வீட்டில் உலை ஏறாமல் போயிற்று.

இன்று கடைக்குச் செல்லவேண்டிய சிரமமும் இல்லை. சட்டைப் பையிலேயே கடை இருக்கிறது. தமிழகச் சட்டமன்றம் 2021-இல் இணையவழிப் பண ஆட்டங்களுக்குத் தடைச் சட்டம் செய்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மீண்டும் ஒரு சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. அவ்வாண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி அவற்றுக்கு அத்தடை பொருந்தாது என்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டம் எதுவாயினும் கூடாது என்று சட்டம் இயற்றியது.

இத்தனை ஆண்டுகள் நீதிமன்றங்களில் நடந்த வாதம், 'இது திறமையா, அதிர்ஷ்டமா?' என்பதே. மார்க்கம் கேட்கும் கேள்வி வேறு. இருவரும் பணம் வைத்து, ஒருவனுடைய இழப்பே மற்றவனுடைய வரவாக ஆகிறதா? ஆம் என்றால் அது சூது. ஆடியவன் மேதையாக இருந்தாலும் சூதுதான். அம்பெய்தல், குதிரை, ஒட்டகம் ஆகியவற்றின் போட்டிகளில் பரிசுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் இடம் தந்திருக்கிறார்கள். ஆனால் போட்டியிடுவோர் அனைவருமே பணம் வைத்து, வென்றவன் அள்ளிக்கொள்வதைச் சூது என்றே மார்க்கச் சட்ட மேதைகளுள் பெரும்பாலோர் விலக்கினார்கள். 'வா, உன்னோடு சூதாடுகிறேன்' என்று தோழனிடம் சொன்னவன்கூட அதற்குப் பரிகாரமாகத் தருமம் செய்யட்டும் என்று புகாரியில் வருகிறது. ஆடியதற்கு அல்ல, அழைத்ததற்கே!

அல்மாயிதா அத்தியாயத்தின் 91-வது வசனம் சூதின் விளைவுகளை எண்ணிக் காட்டுகிறது: மக்களிடையே பகையும் வெறுப்பும் மூளும், இறைநினைவும் தொழுகையும் தடைபடும். அந்தத் தாயின் வீட்டில் இன்று அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை. பையன் பள்ளிக்கு வருவதில்லை. அந்த வசனத்தின் விரிவுரையை நாம் ஏட்டில் தேட வேண்டியதில்லை; அடுத்த தெருவிலேயே இருக்கிறது.

நோன்புக் கஞ்சிக்கு வந்த அந்த இரண்டு மூட்டை அரிசி? அது யாரோ ஒரு தாயின் வீட்டிலிருந்து, யாரோ ஒரு பையன் தோற்றுக் கொடுத்தது. எந்த ஊர், எந்த மதம் என்று நமக்குத் தெரியாது. முகம் தெரியாத காரணத்தால் அவர் கண்ணீர் உப்புக் கரிக்காமல் போகுமா? அல்லாஹ் தூய்மையானவன், தூய்மையானதையே ஏற்கிறான் என்ற ஹதீஸ் முஸ்லிம் நூலில் உள்ளது. பிறருடைய தோல்வியில் காய்ச்சிய கஞ்சியால் நாம் நோன்பு திறந்திருக்கிறோம். பையனைக் கண்டிக்கப் புறப்பட்ட சபை, முதலில் தன்னைக் கண்டித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஓட்டு என்னும் சாட்சியம்

தேர்தல் என்பது உலக விவகாரம், அதில் மார்க்கத்துக்கு என்ன வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. 'மஆரிஃபுல் குர்ஆன்' என்னும் விரிவுரையை எழுதிய முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள் ஓட்டுக்கு மூன்று நிலைகள் உண்டென்று விளக்கினார்கள். இவர் தகுதியானவர் என்று சொல்வதால் அது சாட்சியம். இவரைத் தேர்ந்தெடுங்கள் என்பதால் அது பரிந்துரை. என் சார்பில் இவர் செயல்படட்டும் என்பதால் அது வக்காலத்து. சாட்சியம் என்றால், அன்னிஸா அத்தியாயத்தின் 135-வது வசனம் நம் முன் வந்து நிற்கிறது: நமக்கும், நம் பெற்றோருக்கும், உறவினருக்கும் எதிராக இருந்தாலும் நீதியோடு சாட்சி சொல்ல வேண்டும். கூலி வாங்கிக்கொண்டு சாட்சி சொல்பவனை உலகம் என்னவென்று அழைக்கிறது?

லஞ்சம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்ததாக அபூதாவூதிலும் திர்மிதீயிலும் காண்கிறோம். மறுமையில் அல்லாஹ் பேசாத மூவருள் ஒருவன், உலக ஆதாயத்துக்காக மட்டுமே தலைவரிடம் பைஅத் செய்தவன். கொடுத்தால் நிறைவேற்றுவான், கொடுக்காவிட்டால் விட்டுவிடுவான் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. உறைக்கு ஓட்டு என்பதற்கு இதைவிட நெருங்கிய உவமை இல்லை.

இது லஞ்சமில்லை, அன்பளிப்பு என்பார்கள். அதற்கும் விடை இருக்கிறது. ஜகாத் வசூலிக்கச் சென்ற ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்து வைத்தார். அவர் தம் தாய் தந்தையரின் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்தார்கள். நம் கையில் ஓட்டு இல்லாவிட்டால் அந்த உறை வருமா? ஹவ்ளின் கூரை இத்தனை ஆண்டுகளாக ஒழுகியபோது, வேட்பாளரின் கண்ணுக்கு அது ஏன் தெரியவில்லை?

நம் மாநிலத்தில் இந்த நோய் முற்றிவிட்டது. பணப் பட்டுவாடா காரணமாக 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தொகுதிகளின் தேர்தல் ரத்தாயிற்று. 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் ரத்தாயிற்று. 2019-இல் ஆம்பூரும் வாணியம்பாடியும் அடங்கிய வேலூர் நாடாளுமன்றத் தொகுதியின் தேர்தல் ரத்தாகி, ஆகஸ்டில்தான் நடந்தது. ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் கீழ் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றங்கள். மதத்தின் பேரால் ஓட்டுக் கேட்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி முறைகேடு. வழிபாட்டுத் தலத்தை அரசியல் வேலைக்குப் பயன்படுத்துவதை 1988-ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. ஹஜ்ரத் அவர்கள் சொல்ல வேண்டியிருந்த அந்த 'ஒரு வார்த்தை'யின் எடை இவ்வளவு!

ஓர் ஏழை விதவை, பாத்திரம் தேய்த்துப் பிழைப்பவர், உறையை வாங்கிவிட்டார் என்றால் அவரைக் கல்லால் அடிக்க நாம் வரவில்லை. அவருடைய பசியைப் போக்காத ஜமாஅத்துக்கு அவரைக் குறைசொல்ல வாயில்லை. கேள்வி கொடுத்தவனிடமும், வாங்கிப் பங்கிட்டவனிடமும், சபையில் உட்கார்ந்து தலையாட்டிய நம்மிடமும்தான் முதலில் கேட்கப்படும்.

"பணத்தை வாங்கிச் சத்தியமும் செய்துவிட்டோம். இனி மாற்றிப் போட்டால் வாக்குத் தவறிய பாவம் வராதா?" என்று மெய்யாகவே கலங்குகிறவர்கள் உண்டு. ஒரு காரியத்துக்குச் சத்தியம் செய்த பின், அதைவிட நல்லது வேறொன்று எனக் கண்டால், நல்லதைச் செய்துவிட்டுச் சத்தியத்துக்குப் பரிகாரம் செய்யுமாறு அப்துர் ரஹ்மான் பின் ஸமுரா (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். அந்தப் பரிகாரத்தை அல்மாயிதாவின் 89-வது வசனம் கூறுகிறது: பத்து ஏழைகளுக்கு உணவு அல்லது உடை, அல்லது ஓர் அடிமையின் விடுதலை, இயலாதவர் மூன்று நாள் நோன்பு. அடுத்த 90-வது வசனமே மதுவும் சூதும் ஷைத்தானின் செயல் என்று விலக்கும் வசனம் என்பதையும் கவனிக்க. வாங்கிய பணத்தை என்ன செய்வது என்பதை அவரவர் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளட்டும். ஆனால் விற்ற சாட்சியத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது 'வாக்கைக் காப்பாற்றுதல்' ஆகாது.

சுவருக்கு வெளியே ஹத்தீம்

இனி, அல்லாஹ்வின் வீட்டுக்குத்தானே என்ற வாதம். இதற்கு நாம் பதில் தேடிச் சென்றபோது, அது நம்மை மக்காவுக்கே அழைத்துச் சென்றது.

நாயகம் (ஸல்) அவர்களுக்கு நபித்துவம் வருவதற்கு முன்பு, அவர்களுடைய 35-வது வயதளவில், குறைஷிகள் கஃபாவைப் புதுப்பித்துக் கட்டினார்கள். சிலை வணங்கிகள், வட்டி வாங்கியவர்கள், அம்பெடுத்துச் சூதாடியவர்கள். ஆயினும் இந்தக் கட்டுமானத்தில் விபசாரப் பணமோ, வட்டிப் பணமோ, அநியாயமாகப் பறித்த பணமோ கலக்கக் கூடாது என்று தங்களுக்குள் உறுதி செய்துகொண்டார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. தூய பணம் போதவில்லை. இப்ராஹீம் (அலை) அவர்கள் கட்டிய முழு அளவுக்குக் கட்ட முடியவில்லை. ஒரு பகுதியை வெளியே விட்டுச் சுவர் எழுப்பினார்கள். செலவுக்குப் பணம் குறைந்ததால்தான் அப்பகுதி விடுபட்டது என்று நாயகம் (ஸல்) அவர்களே ஆயிஷா (ரலி) அவர்களுக்கு விளக்கியது புகாரியில் உள்ளது. அந்த ஹத்தீம் இன்றும் சுவருக்கு வெளியேதான் இருக்கிறது. ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் சென்றவர்கள் அதைக் கண்ணால் கண்டிருக்கிறார்கள்.

குறைஷிகள் கஃபாவையே குறையாக விட்டார்கள். கறை பட்ட பணத்தால் நிறைவு செய்யவில்லை. கலிமா சொன்ன நாம், ஹவ்ளின் கூரைக்காக எதைக் கொடுக்கத் துணிந்தோம்!

அடுத்த கூட்டத்தில் இவற்றை ஹஜ்ரத் அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று எழுதினால் அது பொய்யாகும். வாக்குவாதம் முற்றி, இருவர் எழுந்து போய்விட்டார்கள். முடிவில் கூரை வேண்டாம் என்று சொல்லி அனுப்பப்பட்டது. உறைகள் எத்தனை வீட்டுக்கு எப்படியும் போய்ச் சேர்ந்தன என்பதை அல்லாஹ்வே அறிவான். கூம்புக் குழாய்கள் இறக்கப்பட்டு, பயானுக்குப் பள்ளிக்குள் சிறிய பெட்டிகள் வைப்பதாகவும், ஒன்பதரை மணிக்குள் முடிப்பதாகவும் தீர்மானமாயிற்று. முத்தவல்லியும் நாமும் அந்தப் பெரியவரின் வீட்டுக்குச் சென்று வருத்தம் தெரிவித்தோம். அவர் நாற்காலி போட்டுத் தேநீர் கொடுத்தார். உள்ளே அந்த அம்மையார் உறங்கிக்கொண்டிருந்ததால், பேச்சு முழுவதும் மெல்லிய குரலிலேயே நடந்தது. பையனின் தங்கை நிக்காஹ்வுக்கு ஜமாஅத்தில் கைமாற்றுக் கடனாக ஒரு தொகை திரட்டப்படுகிறது. அவன் அதை மாதாமாதம் உழைத்து அடைக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவன் இன்னும் ஜும்ஆவுக்கு மட்டுமே வருகிறான்.

ஹவ்ளின் கூரை இன்னும் ஒழுகுகிறது. மழை நாளில் முதியவர்களைக் கைப்பிடித்து அழைத்துச் செல்ல இரண்டு இளைஞர்கள் முன்வந்திருக்கிறார்கள். ஓர் உண்டியல் வைத்திருக்கிறோம், மெதுவாகத்தான் நிறைகிறது. அந்த நன்மைக்கு விலை கொடுப்பவர் யார் என்று கேட்டால், இந்த முறை நம்மால் தலைநிமிர்ந்து பதில் சொல்ல முடியும்.

அன்புச் சகோதர சகோதரிகளே! உங்கள் வீட்டிலும் மஹல்லாவிலும் 'இதிலும் ஒரு நன்மை உண்டே' என்ற குரல் எழும்போது, அதை உடனே மறுக்கவும் வேண்டாம், உடனே ஏற்கவும் வேண்டாம். விலை யாருடையது என்று மட்டும் கேளுங்கள். பிறருடைய உறக்கத்தையும், பிறருடைய உழைப்பையும், நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட சாட்சியத்தையும் விலையாகக் கொடுத்து வாங்கும் நன்மையைவிட்டு எல்லாம் வல்ல அல்லாஹ் நம்மையும் நம் மக்களையும் காப்பானாக! தூயதைத் தேடவும், அது சிறிதாயினும் அதைக்கொண்டு பொருந்திக்கொள்ளவும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.